தங்கையைக் கடத்தினார்கள், ஊர் அவளையே விசாரிக்கிறது

கேள்வி: எங்கள் வீடு ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். தங்கைக்கு 22 வயது, டவுனில் துணிக்கடையில் வேலை. போன மாதம் ஒரு மாலை பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறும் பாதையில் நடந்து வரும்போது, வேனில் வந்த இரண்டு பேர் அவளை இழுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். சந்திக் கடைக் கமராவில் அது பதிவாகியிருந்தது. அந்த வீடியோ அன்று இரவே வட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் ஓடியது. நாங்களும் பதறிப்போய் அவளுடைய போட்டோ, போன் நம்பர், விலாசம் எல்லாவற்றையும் பேஸ்புக்கில் போட்டோம். மறுநாள் பொலிஸார் வேறு மாவட்டத்தில் ஒரு வீட்டிலிருந்து அவளை மீட்டார்கள். பெண் கேட்டு வந்து நாங்கள் மறுத்த ஒருவனுடைய வேலை இது. இருவரும் விளக்கமறியலில் இருக்கிறார்கள்.

ஆனால் பேச்சு நிற்கவில்லை. “சத்தமே போடவில்லையே, விரும்பித்தான் போயிருக்கிறாள்”, “அந்த நேரத்தில் அந்த ரோட்டில் என்ன வேலை” என்றெல்லாம் எழுதுகிறார்கள். மழை நாட்களில் அவளை ஏற்றி வரும் ஆட்டோக்கார அண்ணனை ‘உடந்தை’ என்று சொல்லி அவருடைய படத்தையும் போட்டுவிட்டார்கள். யாரோ போய் அவருடைய ஆட்டோக் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். தோட்டத்துப் பெரியவர்கள் சிலர், “பேர் கெட்டுப்போச்சு, பேசி அவனுக்கே கட்டி வைத்துவிடுங்கள்” என்கிறார்கள். பொலிஸில் அவளுடைய வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி கையெழுத்து வாங்கினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. அவள் இப்போது வேலைக்கும் போவதில்லை. நாங்கள் என்ன செய்வது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

பதில்: சகோதரி, நீங்கள் பேஸ்புக்கில் போட்ட பதிவை முதலில் எடுத்துவிடுங்கள். தேடும்போது அது தேவைப்பட்டது, அதில் தவறில்லை. இப்போது அது உங்கள் தங்கையின் முகத்தையும் நம்பரையும் விலாசத்தையும் முன்பின் தெரியாதவர்கள் கையில் வைத்திருக்கிறது. அதைப் பகிர்ந்த உறவினர்களிடமும் சொல்லி எடுக்கச் செய்யுங்கள். எடுப்பதற்கு முன் அந்தப் பதிவையும் அதன் கீழே வந்த கருத்துகளையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

“விரும்பித்தான் போனாள்” என்ற பேச்சுக்கு வருவோம். உங்கள் தங்கையை வீட்டுக்குள் முடக்கியிருப்பது அதுதான், நாளைக்கு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கையில் எடுக்கப்போவதும் அதைத்தான். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை, 353ஆம் பிரிவில், கடத்தல் என்றால் என்ன என்று சொல்கிறது. ஒருவரைப் பலவந்தமாகக் கொண்டுபோவது மட்டும் கடத்தல் இல்லை. ஏமாற்றியோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ, வேறு எந்த விதமாகக் கட்டாயப்படுத்தியோ ஓர் இடத்திலிருந்து போகவைத்தாலும் அது கடத்தல்தான். பாதிக்கப்பட்டவர் கத்தினாரா, உதறினாரா, கதவைத் திறந்து குதித்தாரா என்று சட்டம் கேட்கவில்லை. பயத்தில் உறைந்துபோன ஒரு பெண்ணின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிவைத்த பிரிவு எங்கள் சட்டத்தில் எங்கும் கிடையாது. இன்னொன்றையும் கவனியுங்கள். கடைகளில் பூட்டியிருக்கும் கமராக்களில் பல, படத்தை மட்டுமே பதிவுசெய்யும், ஒலியைப் பதிவுசெய்வதில்லை. “சத்தமே போடவில்லை” என்று எழுதியவர்கள் எதைப் பார்த்துவிட்டு எழுதினார்கள்? கடைக்காரரின் அசல் பதிவில் ஒலி உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பதிவைப் பொலிஸார் பிரதி எடுத்துவிட்டார்களா என்பதையும் உறுதிசெய்யுங்கள். கமராப் பதிவுப் பெட்டிகளில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியது விழும். வட்ஸ்அப்பில் சுற்றும் துண்டு, அசலுக்கு ஈடாகாது.

தண்டனை எவ்வளவு என்பது என்ன நோக்கத்துக்காகக் கொண்டுபோனார்கள் என்பதைப் பொறுத்தது. இரகசியமாக அடைத்துவைக்கும் நோக்கத்தோடு கடத்தினால் 356ஆம் பிரிவு, ஏழு வருடம் வரை சிறை. ஒரு பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக மணமுடிக்கக் கட்டாயப்படுத்துவதற்காகக் கடத்தினால் 357ஆம் பிரிவு, பத்து வருடம் வரை சிறையும் தண்டப்பணமும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவது நேராகப் பொருந்துகிறது. வேனுக்குள்ளும் அந்த வீட்டிலும் கலியாணத்தைப் பற்றி அவன் என்ன சொன்னான் என்பது இந்த வழக்கின் உயிர்நாடி. அது வாக்குமூலத்தில் இருக்கிறதா?

இதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த இடம். மலையகத்தில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நம் பிள்ளைகள் தமிழில் அழுதுகொண்டே சொல்வார்கள், உத்தியோகத்தர் தன் மொழியில் சுருக்கி எழுதுவார், “இங்கே கையெழுத்துப் போடுங்க” என்பார். மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் அந்தச் சுருக்கத்தைக் காட்டி, “அன்றைக்கு இதைச் சொல்லவில்லையே” என்று குறுக்குக் கேள்வி வரும். சட்டம் இதற்கு இடம் தரவில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவுப்படி, வாய்மொழியாகக் கொடுக்கும் முறைப்பாட்டை அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுத வேண்டும். அது முடியாவிட்டால் முறைப்பாட்டாளரையே அவருடைய மொழியில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அவராலும் எழுத முடியாது என்ற நிலையில்தான் வேறு மொழியில் எழுதலாம், அப்போதும் மொழிபெயர்த்து வாசித்துக் காட்ட வேண்டும். விசாரணையில் எடுக்கும் வாக்குமூலத்துக்கு 110ஆம் பிரிவு. விளங்கும் மொழியில் வாசித்துக்காட்டி, திருத்தவும் சேர்க்கவும் இடம் கொடுத்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஆகவே தங்கை மேலதிக வாக்குமூலம் ஒன்று கொடுக்கட்டும். நடந்ததை வீட்டில் ஆறுதலாக இருந்து தமிழில் அவளே எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், வார்த்தையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். எந்த இடத்தில் வேன் நின்றது, யார் கையைப் பிடித்தது, போனை யார் பறித்தது, எங்கெங்கே நிறுத்தினார்கள், அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள், கலியாணத்தைப் பற்றி என்ன பேச்சு நடந்தது என்று நினைவில் உள்ளதை மட்டும் எழுதினால் போதும். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பணியகத்தில் பெண் உத்தியோகத்தர் முன்னால் கொடுக்கக் கேளுங்கள், சட்டத்தரணி ஒருவரையும் கூட்டிப் போங்கள். ஏற்க மறுத்தால் பொலிஸ் அத்தியட்சகருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. அங்கே போவதென்றால் மறுக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் போங்கள். பிறகு உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட வேண்டி வந்தால் அந்த ஒரு மாதம் முக்கியம்.

அவர்கள் அவளிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியிருந்தால், அது சொல்லாலோ கையாலோ எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அதையும் சொல்லட்டும். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு ஐந்து வருடம் வரை சிறைக்குரிய தனிக் குற்றம். அது முறைப்பாட்டில் இருந்தால் 365இ என்ற பிரிவும் அவளுக்குக் காவலாக வரும். 345, 363 (வன்புணர்வு) போன்ற பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஒருவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டும் எதையுமோ வெளியிடுவது அந்தப் பிரிவின் கீழ் இரண்டு வருடம் வரை சிறைக்குரிய குற்றம். வெறும் கடத்தலுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு நேரடியாகக் கிடைப்பதில்லை. இது சட்டத்தில் உள்ள ஒரு பெரிய ஓட்டை என்றே நான் நினைக்கிறேன். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் நடக்கவில்லைதான். பாதுகாப்பு கிடைக்கும் என்பதற்காக எதையும் சேர்க்கக் கூடாது. ஊரில் யாருக்கும் அதைக் கேட்கும் உரிமையும் இல்லை.

சரி, எழுதுகிறவர்களை என்ன செய்வது? பலர் என்னிடம் “மானநஷ்டத்துக்குப் பொலிஸில் பிடித்துக் கொடுக்க முடியாதா?” என்று கேட்கிறார்கள். முடியாது. அவதூறு இலங்கையில் 2002இலிருந்து குற்றவியல் குற்றமல்ல. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம், அதற்கு இரண்டு வருடக் காலவரையறை உண்டு. முதலில் எழுதியவர் மட்டுமல்ல, அதைப் பகிர்ந்தவரும் வெளியிட்டவர்தான். “வந்ததை அனுப்பினேன்” என்பது பதிலாகாது. 2024 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள, இணையப் பதிவுகள் பற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. கருத்துச் சுதந்திரத்தை நசுக்கக்கூடிய சட்டம் என்று அதன்மேல் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் ஒருவரைத் துன்புறுத்தும் எண்ணத்தோடு அவருடைய தனிப்பட்ட விபரங்களை வெளியிடுவதை அது குற்றமாக்கியிருக்கிறது. பொய்யான பதிவு பரவுவதைத் தடுக்க நீதவான் நீதிமன்றத்தில் மனுப் போடும் வழியும் அதில் உண்டு. நம்பரைப் போட்டு “கேட்டுப் பாருங்க” என்று எழுதியவர்கள் இருந்தால் அவர்களை முதலில் பிடியுங்கள். நூறு பேரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதிகம் பரப்பிய இரண்டு மூன்று பக்கங்களைத் தேர்ந்தெடுத்து சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். என் அனுபவத்தில் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததுமே பாதிப் பதிவுகள் மறைந்துவிடும். அதனால்தான் ஸ்கிரீன்ஷொட் என்று சொன்னேன். பதிவின் இணைப்பு, போட்டவரின் பக்கம், திகதி, நேரம் எல்லாம் அதில் தெரிய வேண்டும்.

தயவுசெய்து நீங்களோ தங்கையோ அந்தக் கருத்துகளுக்குப் பதில் எழுதாதீர்கள். ஒரு வார்த்தை முன்பின் ஆனாலும் வாக்குமூலத்துக்குப் பக்கத்தில் வைத்து வாசிப்பார்கள். ஊகப் பேச்சு வழக்கை இன்னொரு வகையிலும் கெடுக்கிறது. இந்தக் கடத்தலில் மூன்றாவது ஒருவர் இருந்து, பிறகு பிடிபட்டால், அவரை வேறு ஆட்களோடு நிறுத்தி அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பை நீதவான் முன்னால் வைப்பார்கள். அதற்கு முன்பே ‘இவன்தான்’ என்று ஒரு படம் ஊரெல்லாம் சுற்றியிருந்தால், “சாட்சி ஆளை அடையாளம் காட்டவில்லை, பேஸ்புக்கில் பார்த்த படத்தைத்தான் காட்டினார்” என்று வாதாடுவது மிகச் சுலபம். நியாயம் கேட்கிறோம் என்று நினைத்து படம் போடுகிறவர்கள் பல நேரம் குற்றவாளிக்குத்தான் உதவுகிறார்கள்.

அந்த ஆட்டோக்கார அண்ணனுக்கு நடந்ததற்கு அவரே முறைப்பாடு செய்வதுதான் நல்லது. கண்ணாடி உடைத்தது சேதம் விளைவித்தல் என்ற குற்றம். அவதூறுக்கு அவருக்கும் தனி வழக்கு உண்டு. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அவருக்குச் சம்பந்தமில்லை என்று தங்கைக்குத் தெரிந்தால் அதையும் மேலதிக வாக்குமூலத்தில் ஒரு வரியாகச் சொல்லட்டும். மழையில் அவளைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்ட மனிதர் அவர்.

கட்டி வைக்கும் பேச்சுக்கு ஒரே பதில்தான். சமாதானமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களுக்குச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கடத்தல் அதில் இல்லை. தலைவரோ, உறவுக்காரரோ, கோயில் கமிட்டியோ உட்கார்ந்து பேசி இந்த வழக்கை முடிக்க முடியாது. வழக்கை வாபஸ் வாங்கு என்று அவளை மிரட்டுவதும் ஆசை காட்டுவதும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க, பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். பெரியவர்களிடம் மரியாதையாகவே இதைச் சொல்லுங்கள். அவர்களில் பலருக்கு இது தெரியாது.

“அந்த நேரத்தில் என்ன வேலை” என்ற கேள்விக்கு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையே பதில். நாட்டுக்குள் நடமாடும் சுதந்திரம் எல்லாப் பிரசைகளுக்கும் உண்டு, ஆறு மணிக்குப் பிறகு பெண்களுக்குக் கிடையாது என்று அதில் எழுதவில்லை. கடையடைத்து பஸ் பிடித்து வருகிற பெண் வேறு எந்த நேரத்தில் வர முடியும்? கேட்க வேண்டிய கேள்வி, மெயின் ரோட்டிலிருந்து லயம் வரைக்கும் ஏன் ஒரு விளக்கும் இல்லை என்பது. முன்பெல்லாம் “தோட்டத்துக்குள் எங்களால் செலவழிக்க முடியாது” என்று பிரதேச சபைகள் கைவிரித்துவிடும், பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு அப்படி இருந்தது. 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள். இப்போது தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபை வேலை செய்யலாம். எந்த வளைவிலிருந்து எந்த வளைவு வரை இருட்டு என்று குறிப்பிட்டு, அந்தப் பாதையில் நடக்கிற பெண்களின் கையெழுத்தோடு சபைத் தவிசாளருக்கு மனுக் கொடுங்கள், பிரதியைத் தோட்ட முகாமையாளருக்கும் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வீதி விளக்குக்கு இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எந்தத் தோட்டத்துக்கு என்று எழுதிக் கேளுங்கள்.

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்கு ஒரு லீவுக் கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள், சொல்லாமல் நின்றதாக ஆகிவிடக் கூடாது. பேச யாராவது வேண்டும் என்றால் மகளிர் உதவி இலக்கம் 1938. வீட்டுப் பக்கம் யாராவது வந்து மிரட்டினால் யோசிக்காமல் 119.

கடைசியாக, வழக்கின் அடுத்த தவணைத் திகதியைத் தெரிந்துகொள்ளுங்கள். பொலிஸார்தான் வழக்கை நடத்துகிறார்கள் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். பாதிக்கப்பட்ட தரப்புக்கும் சட்டத்தரணி வைத்து நீதிமன்றத்தில் தோன்றும் உரிமை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பிணை கேட்பார்கள். சாட்சிகளில் தலையிடும் வாய்ப்பு இருக்கிறது என்பது பிணைச் சட்டத்தில் பிணையை மறுப்பதற்கு ஒரு காரணம். கட்டி வைக்கச் சொல்லி யார் யார், எந்தெந்த நாள் வந்து பேசினார்கள் என்ற விபரம் அன்றைக்குத்தான் பயன்படும், இப்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் பல நீதிமன்ற வளாகங்களிலேயே இருக்கின்றன. தங்கையின் அடையாள அட்டை, முறைப்பாட்டு இலக்கம், ஸ்கிரீன்ஷொட்டுகள், அவள் கைப்பட எழுதிய அந்தத் தமிழ்த் தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தவணைக்கு ஒரு கிழமை முன்னதாகவே போய்ப் பாருங்கள்.