காலை எடுத்தால் பசி

அன்புள்ள ஐயா,

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. பி.காம். முடித்துவிட்டு இ-சேவை மையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஏழு வாரமாக ஊரில் சாயங்காலம் ஆறரை மணிக்கு, புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தன்னார்வலராக வகுப்பு எடுக்கிறேன். சம்பளம் கிடையாது. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. 200 மணி நேரம் முடிக்க வேண்டும்.

முதல் நாள் 11 பேர் வந்தார்கள். எல்லாரும் கடலில் பாசி எடுக்கப் போகிறவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள். இப்போது வருவது 4 பேர்தான். நின்றுவிட்டவர்களை வீட்டுக்குப் போய்க் கேட்டால், "கையெழுத்து மட்டும் சொல்லிக்கொடு பாப்பா, அது போதும், வாரேன்" என்கிறார்கள். கையெழுத்தோடு நிறுத்திக்கொள்வது ஏமாற்று வேலை இல்லையா? எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு அத்தை சொன்னதுதான் தூங்கவிடாமல் செய்கிறது: "படிச்ச நீயே இங்கதானே உட்கார்ந்திருக்க." நீங்கள் அறிவொளி என்ற முதியோர் எழுத்தறிவு இயக்கக் காலத்தில் வகுப்பு எடுத்தவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். நான் என்ன செய்யட்டும்?

ச.

அன்புள்ள ச.,

பதினொன்றில் நான்கு என்பது நல்ல கணக்கு. என்னுடைய முதல் வகுப்பில் மூன்றாம் வாரம் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் அரிக்கேன் விளக்குக்குச் சொந்தக்காரர்; விளக்கை விட்டுவிட்டுப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு நாள்காட்டியை வைத்துப் பாருங்கள். உங்கள் பக்கத்துப் பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. பாசி மறுபடி வளரட்டும் என்று அவர்களே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. அந்த நாட்களில் விடியுமுன் வல்லம் ஏறித் தீவுக்குப் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி முங்கி எடுத்து, கரைக்கு வந்து அதைக் காயப் போட்டு, பிறகு அடுப்பு மூட்டி முடித்தவரை ஆறரை மணிக்கு ஸ்லேட்டுக்கு முன்னால் உட்காரவைத்தால் தூங்கத்தான் செய்வார். வகுப்பைப் பிறை பார்த்து வையுங்கள். மாதம் 18 நாள், நாளைக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 200 மணி நேரம் முடிய ஏழரை மாதம் ஆகும். ஏழரை என்றதும் பயப்பட வேண்டாம், இது மாதக் கணக்குதான்.

இனி கையெழுத்து. இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு, ஏனென்றால் தவறு என்னுடையது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொண்டிப் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் வகுப்பு நடத்தினேன். கூடையில் மீன் சுமந்து விற்கும் ஒரு அக்கா வந்தார். நான்கு எழுத்துப் பெயர். பதினோராம் நாள் தன் பெயரை எழுதிவிட்டார். ஸ்லேட்டில் எழுதியதை அழிக்கவிடாமல் அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் முதல் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. ஒருவரைக் கைநாட்டிலிருந்து மீட்டுவிட்டேன் என்று எனக்கு அவ்வளவு பெருமை.

இரண்டு வருடம் கழித்து அவருடைய கொழுந்தன் இன்ஜின் வாங்கக் கடன் எடுத்தார். அக்கா ஜாமீன். கடன் கொடுத்த அதே இடத்தில் முன்பு ஒருமுறை அவர் கைநாட்டு வைத்திருக்கிறார். அப்போது அங்கிருந்த குமாஸ்தா முழுத் தாளையும் வாசித்து, கடைசியில் 'படித்துக் காட்டப்பட்டது' என்று எழுதி, இடது பெருவிரலில் மை தடவி, இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார். கைநாட்டு என்றால் முறை அப்படி. இந்தத் தடவை மூன்று பக்கத் தாளை நகர்த்தி, பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடத்தைக் காட்டி, "நீங்கதான் கையெழுத்தே போடுறீங்களே" என்றாராம். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. எப்படி வரும்? எழுதத் தெரிந்தவராக அல்லவா அவரை அங்கே அனுப்பிவைத்திருந்தேன். கொழுந்தன் தவணை கட்டவில்லை. அக்காவின் தோடு போயிற்று. பல வருடம் கழித்துப் பார்த்தபோது கோபமே இல்லாமல்தான் சொன்னார்: "கைநாட்டா இருந்திருந்தா அவன் வாசிச்சிருப்பான் சார்."

நீங்கள் ஏமாற்று வேலை என்று எழுதியது சரி. ஆனால் ஏமாறுவது திட்டமோ நீங்களோ அல்ல, அந்தக் கையெழுத்துக்காரர். அதற்காகக் கையெழுத்துச் சொல்லித்தர மாட்டேன் என்று அடம்பிடிக்காதீர்கள். அவர்கள் வாய்விட்டுக் கேட்பது அது ஒன்றைத்தான். அதைக் கொடுங்கள். கொடுக்கும்போதே தொகையை எண்ணாலும் எழுத்தாலும் வாசிக்கவும், தேதி பார்க்கவும் பழக்குங்கள். எண் அவர்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். பாசி எடை போடும் தராசையும் போனையும் பார்த்துப் பழகிய கண்கள். அப்புறம் பெருக்கல் குறி போட்ட ஒரு போலித் தாளை நீட்டி, "வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடுறேன்" என்று சத்தமாகச் சொல்லவையுங்கள். முதல் நாள் வெட்கத்தில் சிரிப்பார்கள். பத்து நாள் சொல்லட்டும். பாடப் புத்தகத்தில் அந்த வாக்கியம் இருக்கிறதோ இல்லையோ, உங்கள் வகுப்பில் இருக்கட்டும். நீங்கள் இ-சேவை மையத்தில் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் மேசைக்கு வருகிறவர்களுக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறவராக இருந்தாலும்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80.09 சதவீதம், பெண்களில் 73.44. ஏழு வயது நிரம்பியவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து வாசிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதற்கான வரையறை. வெறும் கையெழுத்துக்காரர் அதில் வரக்கூடாது. வாசலில் நின்று கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறவர் பரீட்சையா வைக்கப்போகிறார்? எங்கள் அக்காவும் ஏதோ ஒரு கணக்கில் எழுத்தறிவு பெற்றவராகத்தான் இருப்பார்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று பார்த்தேன். கீழக்கரையில் வகுப்புக்கு வந்த ஒரு மூத்த உம்மா, தனக்கு எழுத்தே தெரியாது என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். சாக்பீஸைக் கையில் கொடுத்ததும் ஸ்லேட்டின் வலது ஓரத்திலிருந்து தொடங்கினார். விசாரித்தால், கொழும்பில் கடை வைத்திருந்த கணவருக்கு இளவயதில் அரபுத்தமிழில் கடிதம் எழுதியவர். தமிழை அரபு எழுத்தில் எழுதுவது அந்தக் கரையில் நூற்றாண்டுகளாக இருந்த பழக்கம். அவரைப் படிக்காதவர் என்று நாம் எழுதிக்கொண்டோம், அவரும் நம்பிவிட்டார். உங்கள் வகுப்பில் குர்ஆன் ஓதத் தெரிந்தவர்கள் யார் என்று முதலில் கேளுங்கள். எழுத்துக்கு ஒலி உண்டு என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி இல்லை.

எங்கே தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 247 எழுத்தை வரிசையாக எடுத்தால் ஔகாரம் வருமுன் வகுப்பு காலியாகிவிடும். பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயரே 'செங்கல்' என்ற சொல்லைப் பிரித்து, அதன் அசைகளிலிருந்து மற்றச் சொற்களைத் தொழிலாளர்களே கட்டும்படி செய்தார். உங்களுக்குச் செங்கல் எதற்கு? பாசி இருக்கிறது. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை என்று பாசிப் பெயர்களாலேயே அவர்கள் வாயில் ஒரு அகராதியே கிடக்கிறது. பலகையில் 'பாசி' என்று எழுதி நடுவிலிருந்த துணைக்காலை அழித்துவிட்டு, இப்போது என்ன என்று ஒருமுறை கேட்டேன். கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டு ஒரு அம்மா, "பசி" என்றார். பக்கத்திலிருந்தவர் உடனே, "கால எடுத்தா பசிதான, கடலுக்குப் போகலேன்னா வேற என்ன?" என்றார். துணைக்காலை அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. நின்றுவிட்ட ஏழு பேரில் எத்தனை பேர் "தெரியல, தெரியல" என்று சொல்லி நின்றார்கள்? எந்தத் தெரியல என்று கேட்டீர்களா? நம் மொழியில் அறியாததற்கும் கண்ணுக்குப் புலப்படாததற்கும் ஒரே சொல். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து. அதிலும் உப்புத் தண்ணீரிலும் வெயில் கூச்சத்திலும் கிடந்த கண்கள். பல்பு வெளிச்சத்தில் பாடப் புத்தகத்தின் சின்ன எழுத்து அவர்களுக்கு எறும்பு ஊர்வது போலத்தான் இருக்கும். அதை ஒத்துக்கொள்வதைவிடப் படிப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுவது சுலபம். அடுத்த கண் பரிசோதனை முகாமுக்குப் பதினொரு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை பலகையில் உள்ளங்கை அளவுக்கு எழுதுங்கள்.

விரலையும் பாருங்கள். பாறையிலும் பவளத்திலும் கீறிக் கீறி ரேகை தேய்ந்து, ரேஷன் கடை மெஷினில் பதியாமல் திரும்பி வந்த கதையை அவர்களிடமே கேட்கலாம். கைநாட்டும் கைவிட்ட ஆட்கள்தான் உங்களிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

உங்கள் அத்தை சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது உண்மைதானே, நீங்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் இன்னும் வகுப்புக்கு வருகிறாரா என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்.