வாசகர் கேள்வி – பதில்: டைமிங் பெல்ட் அறுந்த பிறகு

கேள்வி: ஓடிக்கொண்டிருந்த என் காரின் இன்ஜின் திடீரென நின்றுவிட்டது. ஸ்டார்ட்டரைப் போட்டால் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் சுழலும் ஓசை கேட்கிறது. மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறது. 4 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், கியர் மாற்றி ஓட்டும் வண்டி. சிறு பழுதுகளை நானே பார்த்துப் பழகியவன். புது பெல்ட்டை மாட்டினால் போதுமா, சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டையே கழற்ற வேண்டுமா?

பதில்: முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள், ஸ்டார்ட்டரை இனி ஒருமுறைகூடத் தொட வேண்டாம். பிஸ்டன்களோடு இணைந்த தண்டான கிராங்க் ஷாஃப்ட் 2 சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் 1 சுற்று சுற்ற வேண்டும் என்ற ஒழுங்கைக் காப்பது அந்தப் பெல்ட்தான். அது அறுந்ததும் கேம் ஷாஃப்ட் நின்றுவிடுகிறது. சில வால்வுகள் திறந்தபடியே கிடக்கின்றன. கிராங்க் ஷாஃப்ட்டோ பிஸ்டன்களை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை முறைவைத்துப் பயன்படுத்தும் இன்ஜினாக இருந்தால் இரண்டும் மோதி, வால்வு வளையும். டீசல் இன்ஜின்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். பெட்ரோல் இன்ஜின்களில் இரு வகையும் உண்டு என்பதால், உங்கள் இன்ஜின் எந்த வகை என்பதை அதற்குரிய பழுதுபார்ப்புக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட ஓசையை வைத்து வால்வு வளைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கேம் ஷாஃப்ட் சுழலாத இன்ஜினில் வால்வுகள் நலமாக இருந்தாலும் காற்று சரியாக அழுந்தாது. ஆகவே ஸ்டார்ட்டர் லேசாகத்தான் சுழலும். ஹெட்டைக் கழற்றாமலே உண்மையைக் கண்டறிய ஒரு வழி இருக்கிறது. பொறுமை வேண்டிய வேலை அது, ஆனால் அந்த அரை நாளைச் செலவிடத் தயங்காதீர்கள்.

ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றுங்கள். கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் புல்லியின் போல்ட்டில் ஸ்பானரை மாட்டி, கையாலேயே மெதுவாகத் திருப்புங்கள்; தடை தட்டினால் அழுத்தித் திருப்பாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிளக் துளைகளில் நீளமான பிளாஸ்டிக் குழல் ஒவ்வொன்றைச் செருகிப் பார்த்தால், பிஸ்டன்கள் ஏறி இறங்குவதைக் குழல்களே காட்டும். நான்கு குழல்களும் ஒரே உயரத்துக்கு வரும் நிலையில் எல்லாப் பிஸ்டன்களும் நடுவழியில் நிற்கின்றன. அந்த நிலையில் கேம் ஷாஃப்ட்டைத் திருப்பினால் எந்த வால்வும் பிஸ்டனைத் தொடாது.

இப்போது கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்பானரை மறக்காமல் எடுத்துவிடுங்கள். காற்றழுத்தத்தில் கிராங்க் அசைந்தால் மாட்டியிருக்கும் ஸ்பானர் கையைப் பதம் பார்த்துவிடும். முதல் சிலிண்டரின் வால்வுகள் மூடியிருக்கும்படி கேம் ஷாஃப்ட்டை நிறுத்தி, பிளக் துளை வழியாகக் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்துங்கள். ஆயில் ஊற்றும் வாய்ப் பக்கம் மெலிதாகக் காற்று கசிவது இயல்பு. காற்று உள்ளே வரும் குழாயில் 'உஸ்' என்று பலமாகச் சீறினால் இன்லெட் வால்வும், சைலன்சர் பக்கம் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வும் வளைந்திருக்கின்றன. இப்படியே மற்ற மூன்றையும் பாருங்கள்.

நான்கிலும் சீறல் இல்லையென்றால் பெல்ட் வேலையோடு முடிந்தது. ஒன்றில் சீறினாலும் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

ஹெட்டைக் கழற்றுவதும் திரும்பப் பூட்டுவதும் வீட்டில் செய்யக்கூடியவையே. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, பல தவணைகளில் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பிஸ்டன்களின் தலையில் பிறை வடிவத் தழும்பு தெரிந்தால் வால்வு தட்டிய இடம் அதுதான். ஆழமற்ற தழும்பு கெடுதல் செய்யாது, விரிசல் இருந்தால் பிஸ்டனை மாற்ற வேண்டும். கழற்றிய வால்வின் தண்டைக் கண்ணாடிப் பலகையில் வைத்து, தலை விளிம்புக்கு வெளியே நிற்கும்படி உருட்டுங்கள். தலை ஆடினால் வளைந்திருக்கிறது. வளைந்த வால்வைத் தட்டி நிமிர்த்த முயலவே கூடாது. வால்வின் தண்டு நகரும் வால்வு கைடு, அதன் தலை அமரும் வால்வு சீட், ஹெட்டின் சமதளம் ஆகிய மூன்றையும் ஹெட் வேலை செய்யும் பட்டறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். அவற்றுக்கு வேண்டிய இயந்திரங்கள் வீட்டில் இருப்பதில்லை.

பூட்டும்போது பலர் கோட்டைவிடும் இடம் போல்ட் துளைகள். அவற்றில் ஆயிலோ கூலண்ட்டோ தேங்கியிருக்க, அதன்மேல் போல்ட்டை முறுக்கினால், ஒதுங்க வழியில்லாத திரவம் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கையே பிளந்துவிடும். ஒவ்வொரு துளையையும் துடைத்து உலர்த்துங்கள். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் வைக்கும் ஹெட் கேஸ்கட் புதிதாகத்தான் இருக்க வேண்டும்; முறுக்கும்போதே நீளும் வகை ஹெட் போல்ட்டுகளையும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. முறுக்கின் அளவையும் வரிசையையும் கையேட்டிலிருந்து மட்டுமே எடுங்கள், முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

பெல்ட்டை மாட்டி, டைமிங் குறிகளைப் பொருத்தி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை அமைத்த பின், கிராங்க் ஷாஃப்ட்டைக் கையால் முழுதாக 2 சுற்று, அது ஓடும் திசையிலேயே சுற்றிக் குறிகளை மீண்டும் பாருங்கள். ஒரு பல் விலகியிருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுங்கள். அதன் பிறகே பேட்டரியை இணைக்கலாம்.

கேள்வி: கையேட்டில் குறித்த கிலோமீட்டரை எட்டும் முன்பே என் பெல்ட் அறுந்தது. பெல்ட் மட்டும்தான் குற்றவாளியா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பெல்ட்டுக்குக் கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கும் உண்டு. குறைவாக ஓடிய வண்டியிலும் ரப்பர் மூப்படையும். அறுந்த பெல்ட்டைத் தூக்கி எறியாமல் கையில் எடுத்துப் பாருங்கள். ஆயில் படிந்து ஊறியிருந்தால் கிராங்க் அல்லது கேம் ஷாஃப்ட் ஆயில் சீல் கசிகிறது. ஓரம் நார் நாராகப் பிரிந்திருந்தால் பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஏதோ ஒரு ரோலர் கோணலாக ஓடியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் பற்கள் மழுங்கி உதிர்ந்திருந்தால் வாட்டர் பம்ப் போன்ற ஏதோ ஒன்று இறுகி நின்றிருக்கலாம். டென்ஷனர், ரோலர், பம்ப் ஆகியவற்றைக் கையால் சுழற்றினால் கரகரப்போ இறுக்கமோ எதில் என்பது விரலுக்கே தெரியும். காரணத்தை விட்டுவைத்துப் புது பெல்ட்டை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். ஆகவே டென்ஷனர், ரோலர்கள், பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய பெல்ட்டை மடக்கவோ முறுக்கவோ வேண்டாம். உள்ளிருக்கும் இழைகள் வெளியே தெரியாமல் முறிந்துவிடும்.