மாலை வகுப்பு வைக்கலாமா, வேண்டாமா? செயலாய்வு செய்து முடிவெடுப்பது எப்படி?

கேள்வி இது: தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப்பள்ளி. ஐந்தாம் வகுப்பில் 31 பேர். பாதிக்கு மேல் கடன் வாங்கிக் கழித்தலில் தடுமாறுகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழு மாலை வகுப்பு கேட்கிறது, தலைமையாசிரியர் முதலில் செயலாய்வு (ஆசிரியரே தன் வகுப்பில் ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, விளைவை ஆராய்வது) செய்யச் சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

தலைமையாசிரியர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. என்ன கோளாறு என்று தெரியும் முன்பே மாலை வகுப்பு என்று மருந்து எழுதியாயிற்று. அதிலும் உங்கள் பக்கம் யானை நடமாட்டம் உள்ள ஊர்களில் பொழுது சாய்ந்தபின் பிள்ளைகளை அனுப்புவது தனித் தலைவலி. அதற்கு ஈடாகப் பலன் உண்டா என்று பார்த்துவிடுவது நல்லது.

1946-ல் உளவியலாளர் குர்ட் லெவின் செயலாய்வைப் பற்றி எழுதியபோதே அது ஒரு சுழற்சி என்றுதான் சொன்னார்: திட்டமிடு, செய், விளைவைப் பார், திட்டத்தை மாற்று. நம்மூரில் அது முன்தேர்வு, பின்தேர்வு, சராசரி, ஸ்பைரல் பைண்டிங் என்று சுருங்கிவிட்டது. மதிப்பெண் சராசரி 4-லிருந்து 7 ஆனது என்பதை வைத்து ஒரு பள்ளி எந்த முடிவும் எடுக்க முடியாது. யார், எந்தத் தவறை, ஏன் செய்கிறார்கள் என்று தெரிந்தால் எடுக்கலாம். எனவே பாதி உழைப்பை முன்தேர்வுத் தாளிலேயே போடுங்கள்.

53 − 27 என்று ஒரு கணக்கு. விடை 26. ஒரு பிள்ளை 34 என்று எழுதினால், மேலே கீழே பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது (7−3, 5−2). 36 என்று எழுதினால், கடன் வாங்கத் தெரிகிறது, பத்தில் ஒன்றைக் குறைக்க மறக்கிறது. முதல் பிள்ளைக்கு இடமதிப்பே பிடிபடவில்லை. இரண்டாவதற்கு எழுதும் முறையில்தான் சறுக்கல். இப்போது 52 − 27 கொடுத்துப் பாருங்கள்: இரண்டு பேருமே 35 என்றுதான் எழுதுவார்கள்! ஒன்றாம் இடத்து இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் இரண்டு தவறும் ஒரே விடையில் போய் முடியும். தாள் தயாரிக்கும்போது அந்த எண்களைத் தவிர்க்காவிட்டால் பிறகு எத்தனை அட்டவணை போட்டாலும் பிரித்தெடுக்க முடியாது.

மொத்தம் 12 கணக்கு போதும். கடன் வாங்கத் தேவையில்லாதவை 3, சாதாரணக் கடன் 5, நடுவில் பூஜ்ஜியம் வருபவை 4. பூஜ்ஜியத்துக்கு 402 − 138 நன்றாக வேலை செய்யும். சரியான விடை 264. 336 என்றால் தலைகீழாகக் கழித்தது, 374 என்றால் குறைக்க மறந்தது. 174 என்றால் பூஜ்ஜியத்தைத் தாண்டி நூறிலிருந்தே இரண்டு முறை கடன் வாங்கியது. நேரக் கட்டுப்பாடு வேண்டாம். ரப்பரை மட்டும் வாங்கி வைத்துவிடுங்கள், அடித்து எழுதியதில்தான் செய்தி இருக்கிறது. எழுத்துக் கணக்குகளைச் சேர்க்காதீர்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை "53-லிருந்து 27-ஐ" என்பதில் தடுக்கினால், அது கணக்கா தமிழா என்று தெரியாமல் போகும்.

அடுத்த நாள் ஆறேழு பேரை ஒவ்வொருவராக உட்கார வைத்து, ஒரு கணக்கைச் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள், அவரவர் வீட்டுமொழியில். ஆளுக்கு மூன்று நிமிடம். திருத்தாதீர்கள், கேளுங்கள். ஒரே வகைத் தவறு மூன்று கணக்கிலாவது வந்தால்தான் அந்த வகையில் சேர்க்க வேண்டும். ஒருமுறை வந்தது கவனக்குறைவு.

இப்போது குழுக்கள் தாமாகவே பிரிந்துவிடும். தலைகீழாகக் கழிப்பவர்களுக்குப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட ஈர்க்குச்சிக் கட்டுகள். இரண்டு தென்னந்துடைப்பத்தை ஒடித்தால் வகுப்புக்குத் தேவையானது கிடைக்கும். (புளியங்கொட்டை சும்மா கிடைக்கிறதே என்று தோன்றும். அதைக் கட்டவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது. கட்டை அவிழ்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது.) குறைக்க மறப்பவர்களுக்குக் குச்சி வீண். அடித்துவிட்டு மேலே புதிய இலக்கம் எழுதக் கட்டம் போட்ட நோட்டு போதும். பூஜ்ஜியக் குழுவுக்குச் சந்தைச் சில்லறை: நூறு ரூபாய்க்குப் பத்து பத்து ரூபாய், அதில் ஒன்றுக்குப் பத்து ஒரு ரூபாய். எல்லாம் கணக்குப் பாடவேளையிலேயே, தினம் 20 நிமிடம், பத்து நாள்.

மூன்று குழுவையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் பத்து நாள் குச்சிக் குழு மட்டும். மற்றவர்கள் வழக்கமான பாடத்தில் இருக்கட்டும், அவர்களுக்கும் பத்தாம் நாள் தேர்வு வையுங்கள். அவர்களும் அதே அளவு தேறியிருந்தால் தேற்றியது உங்கள் குச்சி அல்ல, வழக்கமான பாடம்தான். ஒரே வகுப்பு உள்ள சிறிய பள்ளியில் ஒப்பீட்டுக்கு இதைவிட எளிய வழி இல்லை.

பின்தேர்வில் எண்களை மாற்றுங்கள், வகையை மாற்றாதீர்கள். முன்தேர்வு, பின்தேர்வு இரண்டும் எழுதியவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்ட பிள்ளை நடுவில் விடுபட்டால் சராசரி தானாக ஏறிவிடும், ஒருவரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு தேர்வு, ஐந்து கணக்கு. பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பத்தாம் நாள் சரியாகப் போட்டது மூன்று வாரத்தில் பழையபடி 34-க்குத் திரும்புவது சகஜம்.

முடிவுக்கான அளவுகோலைத் தொடங்கும் முன்பே எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். உதாரணமாக, குச்சிக் குழுவில் 12 பேர் என்றால், மூன்று வாரத் தேர்வில் 9 பேர் ஐந்துக்கு நான்கு சரியாகப் போட்டால் மாலை வகுப்பு வேண்டாம், நான்காம் வகுப்புக்கும் இதே முறை. 5 பேருக்கும் குறைவாகத்தான் அப்படிப் போட்டார்கள் என்றால் முறையைக் கைவிடுவது. இடைப்பட்டால் ஒன்றே ஒன்றை மாற்றி இன்னொரு சுற்று. பின்னால் எழுதினால் கிடைத்த எண்ணுக்கு ஏற்ப அளவுகோல் வளைந்துவிடும், நம் கை அப்படி.

மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். கல்வி உரிமைச் சட்டம் 22-வது பிரிவின்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் அவர்கள்தான். அவர்களிடம் சதவீதம் பேசாதீர்கள். பிள்ளைகளின் பெயரை மறைத்து, முன்தேர்வுத் தாள் ஒன்று, மூன்று வாரத் தாள் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இப்படிப் போட்டவர்கள் 12 பேர், இப்போது இத்தனை பேர்" என்று சொன்னால் போதும். மாலை வகுப்பு வேண்டுமா என்பதை அந்த இரண்டு தாளைப் பார்த்து அவர்களே சொல்லட்டும்.