மான்களை வைத்து ஒரு வாதம்

உவர்மலையிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் கேட்கிறார்: "திருகோணமலை நகரில் திரியும் மான்களைப் பற்றி வாதக் கட்டுரை எழுதினேன். 'தகவல் நிறைய இருக்கிறது, வாதம் இல்லை' என்று ஆசிரியர் குறித்துவிட்டார். தகவலைத் தவிர வேறு என்ன வேண்டும்?"

"எங்கள் நகரத் தெருக்களில் மான்கள் சுதந்திரமாக உலவுகின்றன" என்று தொடங்கியிருக்கிறீர்கள். இதை எவரும் மறுக்கப்போவதில்லை; மறுக்க இடமில்லாத கூற்றை நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. "மான்கள் நடமாடும் இடங்களில் பொலித்தீன் பைகளில் உணவு விற்பதைத் தடைசெய்ய வேண்டும்" என்று எழுதியிருந்தால், கடைக்காரர் ஒருவராவது உங்களோடு முரண்படுவார். அதுவே முடிபுரை, அதாவது நீங்கள் நிறுவ வேண்டிய கூற்று; கட்டுரையின் ஏனைய பந்திகள் அனைத்தும் அதற்குத்தான் கடமைப்பட்டவை.

அடுத்து வருவது சான்று. மான் பையை மெல்லுவதைக் கண்டேன் என்பது சான்றுதான். ஆனால் அதிலிருந்து தடை வேண்டும் என்ற முடிவுக்கு உடனே தாவிவிடுகிறீர்கள். இடையில் ஒரு பாலம் வேண்டும்: அசைபோடும் விலங்கின் இரைப்பையில் பொலித்தீன் செரிக்காமல் தங்கி உணவு செல்லும் வழியை அடைக்கக்கூடும். மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் இந்தப் பாலத்தைத்தான் விளக்குகிறார். "இம்மலை நெருப்புடைத்து" என்பது பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), புகையுடைமை அதற்கு ஏது (காரணம்). ஆயினும் புகையுள்ள இடத்தில் நெருப்பிருக்கும் என்பதை அடுக்களை என்னும் திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) காட்டிய பின்னரே அந்த ஏதுவுக்கு வலு உண்டாகிறது. 1958இல் ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேய மெய்யியலாளரும் சான்றையும் முடிபையும் இணைக்கும் இக்கண்ணிக்குத் தனிப்பெயர் இட்டார். நான் திருத்தும் கட்டுரைகளில் பெரும்பாலும் விடுபடுவது இதுவே. எழுதுபவருக்கு அது சொல்லாமலே விளங்கும் ஒன்றாகத் தோன்றிவிடுகிறது.

எதிர்வாதத்துக்கு நன்னூல் என்னும் இலக்கண நூல் கூறும் எழுவகை மதங்களை, அதாவது நூலாசிரியர் கொள்ளும் ஏழு நிலைப்பாடுகளைப் பாருங்கள். "பிறர்தம் மதமேற் கொண்டு களைவு" என்பது அவற்றுள் ஒன்று: பிறர் கருத்தை முதலில் ஏற்றுரைத்து, பின்னரே நீக்குதல். ஆகவே கடைக்காரரைப் பேராசைக்காரராகக் காட்டாமல், காகிதப் பைக்கு ஆகும் மேலதிகச் செலவைச் சிறு வியாபாரி எப்படித் தாங்குவார் என்ற அவருடைய வலுவான கேள்வியையே எழுதுங்கள். அதில் நியாயமான பகுதிக்கு உடன்படலாம். நன்னூல் உடன்படலையும் ஒரு மதமாகவே எண்ணுகிறது. அப்படி உடன்பட்டால் முடிபுரையையும் சற்றுத் திருத்த நேரும்: "உடனடியாகத் தடைசெய்ய வேண்டும்" என்பது "மாற்றுப் பைகளை மலிவாக வழங்கி, படிப்படியாகத் தடைசெய்ய வேண்டும்" என்றாகும்.