பென் டிரைவில் காப்பி எடுத்தது திருட்டு இல்லை, அண்ணா

போன ஞாயிற்றுக்கிழமை செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் மனைவியோடு என்னிடம் வந்தார். பிளஸ் டூ முடித்த மகள் ஆல்மாலினக்ஸ் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை (விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் மென்பொருள்) பென் டிரைவில் ஏற்றி நான்கு தோழிகளுக்குக் கொடுத்துவிட்டாளாம். "கேஸாகிவிடும்" என்று தாய்மாமா மிரட்டியிருக்கிறார். பட்டறையை அடமானம் வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கச் சொல்பவரும் அவரேதான்.

அண்ணா, கேஸெல்லாம் வராது. ஆனால் அடமானம் வேண்டவே வேண்டாம்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வருகிறது. காப்பி எடுக்கலாம், மாற்றலாம், காசுக்கும் விற்கலாம். வாங்குபவருக்கு மூல நிரலும் (புரோகிராமர் எழுதிய வரிகள்) அதே உரிமையும் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அப்படியானால் லினக்ஸை நிறுவனங்களுக்குத் தரும் ரெட் ஹாட் கம்பெனி எதற்குப் பணம் வாங்குகிறது? அப்டேட்டுக்கும் உதவிக்கும் வருடச் சந்தா. பெயரும் தொப்பிச் சின்னமும் அவர்களுடைய வணிகக்குறி. உங்கள் தொழிலிலேயே பாருங்கள்: கொலுசு செய்யும் வேலையை யாரும் கற்கலாம், அடுத்த பட்டறையின் முத்திரையைக் குத்தி விற்க முடியாது. 2023-ல் ரெட் ஹாட் தன் மூல நிரலைப் பொதுவில் தருவதைச் சுருக்கியபோது பெரிய சர்ச்சையே நடந்தது. ஆல்மாலினக்ஸ் ரெட் ஹாட் முத்திரை இல்லாமல், ரெட் ஹாட் லினக்ஸோடு ஒத்துப்போகும்படி தனியாகத் தயாராவது. உங்கள் மகள் கொடுத்தது அதைத்தான். மாமா கடை பில் கம்ப்யூட்டரில் ஓடும் திருட்டு விண்டோஸ்தான் உண்மையில் தப்பு.

இன்ஜினியரிங், மெடிக்கல் பற்றி ஊரே பேசுகிறது, விடுங்கள். சர்வர் நிர்வாகம் என்றொரு வேலை இருப்பதை யாரும் சொல்வதில்லை. வங்கி, மருத்துவமனை, ஆன்லைன் கடை என எங்கும் லினக்ஸ் சர்வர்கள் ஓடுகின்றன. நள்ளிரவில் ஒன்று நின்றுபோனால் எழுப்பிவிட ஆள் வேண்டும். இந்த வேலைக்கு ரெட் ஹாட் நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற சான்றிதழ் தேர்வில் சரியான விடைக்கு டிக் அடிக்கும் கேள்வியே கிடையாது. கணினி முன் உட்கார்ந்து மறந்துபோன ரூட் (முழு அதிகாரக் கணக்கு) பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், டிஸ்க்கைப் பிரிக்க வேண்டும், ஃபயர்வாலைத் திறக்க வேண்டும். மறுபடி பூட் செய்த பிறகும் அத்தனையும் நிற்க வேண்டும். பயிற்சிக்கு ரெட் ஹாட்டே தனிநபர் டெவலப்பர் சந்தாவில் 16 சிஸ்டம் வரை இலவசமாகத் தருகிறது.

அரசு கலைக் கல்லூரியில் அவளை பி.எஸ்சி. சேர்த்துவிடுங்கள். ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வுக் கட்டணத்தை இரண்டாம் வருடம் முடிந்து கட்டினால் போதும். என்னிடம் பேசிய அரை மணி நேரத்தில் அவள் முகம் மலர்ந்தது பூட் ஆகாத கணினியைச் சரிசெய்த கதையைச் சொன்னபோதுதான். அதைப் பார்த்த பிறகு மாமா பேச்சைக் கேட்டு லட்சக்கணக்கில் கடன் வாங்காதீர்கள்.

இந்த மாதம் ஒரு செலவு மட்டும் செய்யுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இன்னொரு 8 ஜிபி ரேம். ஒரே பெட்டிக்குள் மூன்று சர்வர் ஓட்டிப் பழகுவாள்.