அண்ணாச்சியை விடுங்கள்

கேள்வி: சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரியைக் கூட்டியதும் பாக்கெட் விலை ஏறிவிட்டது. வரியைக் குறைத்தபோதோ, எங்கள் தெருப் பலசரக்குக் கடை அண்ணாச்சி ‘பழைய ஸ்டாக்’ என்றார். சண்டையே போட்டுவிட்டேன். சரிதானே?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: சண்டை சரி. ஆள்தான் தப்பு.

அச்சிட்ட விலைக்கு மேல் அண்ணாச்சி ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். பழைய விலையின் மேல் கூடுதல் விலையை ஒட்டினாலும் குற்றம். அந்த விலையை அச்சிடுகிற கம்பெனி எவ்வளவு அச்சிடலாம் என்பதற்கு மட்டும் இந்தப் பாக்கெட் விதிகளில் உச்சவரம்பு கிடையாது. உழக்கு நெல்லுக்குக் கணக்குக் கேட்கிறவர்கள் கோட்டை நெல்லுக்குக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் வரி, செஸ் எல்லாம் சேர்த்து, 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆனது. எண்ணெய்வித்து விவசாயிக்கு விலை கிடைக்கட்டும் என்பது காரணம். அதில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் குறைந்த வரியில் வந்திறங்கிய எண்ணெய் அன்றைக்கு நாட்டில் சுமார் 30 லட்சம் டன் இருந்தது. 45 முதல் 50 நாளுக்கு நாடு முழுக்க அப்பளம் பொரிக்கப் போதும், அப்பளத்துக்குப் பேர்போன உங்கள் பக்கத்துக் கல்லிடைக்குறிச்சியையும் சேர்த்துத்தான். அது தீரும்வரை விலையை ஏற்றாதீர்கள் என்று மத்திய உணவுத் துறை கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. ஏற்றினார்கள். ஏன் ஏற்றினீர்கள் என்று விளக்கம் கேட்டது. அத்தியாவசியப் பொருட்கள் சட்டப் பட்டியலில் சமையல் எண்ணெய் இருக்கிறது. உத்தரவு போட வழி இருந்தும் வேண்டுகோளோடு நின்றுவிட்டார்கள்.

2025 மே 30 அன்று அதே வரி 16.5 சதவீதமாக இறங்கியது. ஏற்றத்தின்போது யார் கண்ணிலும் படாத பழைய ஸ்டாக், இறக்கத்தின்போது எந்தக் கிட்டங்கியிலிருந்து புறப்பட்டு வந்தது?

‘அச்சடித்த பாக்கெட்டை என்ன செய்ய?’ என்பார்கள். அதற்கும் விதி இருக்கிறது: பழைய விலையை மறைக்காமல், குறைத்த விலையைப் பக்கத்தில் ஒட்டி விற்கலாம். உலகச் சந்தையும் டாலரும் ஆடுகின்றன என்பார்கள். உண்மைதான். அந்தக் கணக்கைத்தான் காட்டுங்கள் என்கிறோம்.

அதனால், காலிப் பாக்கெட்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். விலையும் தயாரித்த மாதமும் அதில் இருக்கும். ஏற்றத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று, இறக்கத்துக்குப் பின் ஒன்று என்று எடுத்து வையுங்கள். பாக்கெட்டிலேயே கம்பெனியின் புகார் முகவரி இருக்கிறது. ஏற்ற எத்தனை நாள் எடுத்தீர்கள், இறக்க எத்தனை நாள் எடுத்தீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். இதே பக்கத்தில் போடுகிறேன்.

அண்ணாச்சியிடம் சமாதானமாகிவிடுங்கள். மாதக் கடைசியில் கடன் தருகிறவர் அவர்தானே?