எதை விடப் போகிறீர்கள்? வாழ்க்கைத் திட்டம் பற்றிய கேள்வி பதில்

நிறுவனங்களுக்குத் திட்டம் வகுத்துக் கொடுப்பது என் வேலை. அதே முறையைச் சில ஆண்டுகளாக என் உடல்நலத்துக்கும் வீட்டு வாழ்க்கைக்கும் பயன்படுத்தி வருகிறேன். நான் மருத்துவர் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: கம்பெனிக்குப் போடுகிற திட்டமெல்லாம் ஒரு தனி ஆளுக்குத் தேவையா அக்கா? தேவை என்றால் எங்கே தொடங்குவது?

பதில்: தேவை. கம்பெனிக்குப் பணம் தீர்ந்தால் கடன் வாங்கலாம். நமக்கு வாரத்துக்கு 168 மணி நேரம், அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எவ்வளவு நடந்தீர்கள், கைப்பேசியில் எவ்வளவு நேரம் போனது என்று குறித்து மட்டும் வையுங்கள். பெரும்பாலானோர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அப்புறம் ஒரு தாளில் நான்கு கட்டம்: பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து. முதல் இரண்டும் உங்களுக்குள் இருப்பவை, மற்றவை வெளியிலிருந்து வருபவை. பலவீனம் என்ற கட்டத்தில் நிறையப் பேர் ‘சோம்பேறித்தனம்’ என்று எழுதுகிறார்கள். அது தன்னைத் தானே திட்டிக்கொள்வது. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘படுக்கையில் கைப்பேசி பார்ப்பதால் தூங்க 12 மணி ஆகிறது’ என்று எழுதினால், சார்ஜரை வேறு அறைக்கு மாற்றலாம்.

கடைசியாக ஒன்றோ இரண்டோ இலக்கு. பக்கத்திலேயே, அதற்காக எதை விடப் போகிறீர்கள் என்ற பட்டியல். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும். குறைந்தபட்சமே இரண்டரை மணி நேரம். அது எங்கிருந்து வரும் என்று எழுதாவிட்டால் உங்கள் தூக்கத்திலிருந்துதான் வரும்.

கேள்வி: ஆறு மாதத்தில் 10 கிலோ குறைப்பது இலக்கு. தினமும் எடை பார்க்கிறேன், மனசு உடைந்து போகிறது.

பதில்: எடை என்பது விளைவு. நேற்று செய்ததற்கு இன்று பதில் சொல்லாது. உடலில் நீர் கூடிக் குறைவதிலேயே ஒரு கிலோ ஏறி இறங்கும். நீங்கள் தினமும் பார்க்க வேண்டியது உங்கள் கையில் இருக்கிற எண்ணை: இந்த வாரம் எத்தனை நாள் நடந்தேன், எத்தனை இரவுகள் சரியான நேரத்துக்குப் படுத்தேன். எடையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், போதும்.

கேள்வி: இதற்கு நல்ல ஆப் எது?

பதில்: நோட்டும் பேனாவும்.

கேள்வி: சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். உணவைக் குறைக்கும் திட்டம் போட்டிருப்பதால் மாத்திரையையும் குறைக்கலாமா?

பதில்: கூடாது. திட்டத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவரைப் பார்க்கும் வரை உணவையும் மாற்றாதீர்கள். மாத்திரையோடு உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

கேள்வி: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

பதில்: இது மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியதிலிருந்து பரவியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிய முகத்துக்குப் பழக, நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றுதான் அவர் சொன்னார். ‘குறைந்தது’ என்ற சொல் போகப்போக உதிர்ந்துவிட்டது.

அதே நபர்: எனக்கு 21 நாளில் பழகியது. ஏன் எல்லோரையும் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: உங்களுக்குப் பழகியதை நம்புகிறேன், சந்தோஷம். என் கவலை 22-ஆம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே, என்னிடம்தான் குறை என்று விட்டுவிடுகிறவர்களைப் பற்றியது. லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். அதை வைத்துக் கணித்துப் பார்த்ததில், பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று வந்தது.

இன்னொருவர்: அப்படியானால் 66 நாள்தானே சரி? அந்த ஆய்வில் வந்த எண் அதுதான்.

பதில்: 66 என்பது நடு எண். பாதிப் பேருக்கு அதைவிட அதிகம். 21-ஐத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் 66-ஐ வைத்தால் அதே தப்பு. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த செய்தி வேறு: ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. தயவுசெய்து அதைப் பரப்புங்கள்.

கேள்வி: ஷிப்ட் வாரா வாரம் மாறுகிறது. காலை 6 மணி நடை என்று எழுதவே முடியாது.

பதில்: மணியை விடுங்கள், நிகழ்வைப் பிடியுங்கள். ‘ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும், வீட்டுக்குக் கிளம்பும் முன் 15 நிமிடம் நடப்பேன்.’ பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்த ‘இது நடந்தால் அதைச் செய்வேன்’ முறையைத்தான். அசந்து போய் வரும் நேரத்தில் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்காது.

கேள்வி: நோட்டு சரிப்படாது, எக்செல் போடலாமா? ஆப் பெயர் ஒன்றாவது சொல்லுங்கள்.

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: நாளையிலிருந்து உடற்பயிற்சி, புது மொழி, சேமிப்பு, தியானம், சீக்கிரம் எழுவது எல்லாம் தொடங்குகிறேன்.

பதில்: எதை விடப் போகிறீர்கள்? அதை எழுதிவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் மூன்றாவது வாரத்தில் திட்டம் கவிழ்கிறது.

பதில்: கேரி கிளைன் என்ற உளவியலாளர் நிறுவனங்களுக்குச் சொன்ன ஒரு வழி இருக்கிறது. திட்டம் தொடங்கும் முன்பே அது தோற்றுவிட்டதாக நினைத்து, ஏன் தோற்றது என்று எழுதுவது. நான் எழுதியபோது முதலில் வந்தது மழையோ சளியோ இல்லை, ‘அலுவலகத்தில் கூடுதல் வேலை வந்தது, மறுக்கவில்லை’ என்பது. அந்த ஆண்டு நான் மாற்றியது அந்த ஒன்றைத்தான். உங்களுக்கு மூன்றாவது வாரம் என்று தெரிந்தே இருக்கிறது. அந்த வாரத்துக்குப் பாதி அளவு மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: நோயாளி அப்பாவையும் இரண்டு குழந்தைகளையும் நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். விட என்னிடம் ஒன்றுமே இல்லை அக்கா.

பதில்: இந்தக் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மற்றவர்களிடம் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது அம்மா. கெட்ட ஆண்டில் நிறுவனங்களே வளர்ச்சித் திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, இருப்பதைத் தக்கவைக்கத் திட்டம் போடும். அது தோல்வி இல்லை, அதுவும் முறையான திட்டம்தான். இந்த மூன்று மாதத்துக்கு உங்களுக்கு ஒரே இலக்கு: தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும்.

உங்களால் விட முடியாததைப் பங்கு போடத்தான் வேண்டும். கூடப் பிறந்தவர்களோ நெருங்கிய உறவோ யாராவது இருந்தால் ‘உதவி வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘சனிக்கிழமை இரவு அப்பாவோடு நீ இரு, காலை ஏழுக்கு நான் எழுந்துகொள்கிறேன்’ என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், அப்பாவைப் பார்க்கும் மருத்துவரிடம் அடுத்த முறை உங்கள் தூக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள், பார்க்கிறேன்.